சங்கக்கடையில் நிற்காத வண்டி

வேலிக்கரையில் எறும்பு மொய்த்த அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அப்பு வழக்கமாகச் சலம் கழிக்கப் போகும் இடம் அது. கிளுவை வேலியின் அடியில் மண்ணே தெரியாமல் எறும்பு. பெற்ற தகப்பனை நானும் தங்கச்சியும் அப்பு என்றுதான் கூப்பிடுவோம். நான் எறும்பைப் பார்த்தேன், "ஆர் சீனி கொட்டினது?" என்று தங்கச்சியிடம் பகிடி விட்டேன், அவள் தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். அவள் சிரிக்கவில்லை. வவுனியாவில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தவன் நான். இங்கிலிஷில் கடிதம் எழுதத் தெரிந்தவன். எறும்பு சொன்னது மட்டும் விளங்கவில்லை.

இப்போது எனக்கும் அதே சலரோகம், இரத்தத்தில் சீனி கூடும் வருத்தம். காலையில் எழும்பியவுடன் என் கால்விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்கிறேன். குதிக்கால் வெடிப்பைத் தடவிப் பார்க்கிறேன். மனுசி கண்டால், "கால் எங்கையும் ஓடிப்போகாது" என்று பேசுவாள். அப்புவின் காலை ஒரேயொருநாள் இப்படிப் பார்த்திருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திராது.

அப்பு காணியில்லாத மனிதர். யாழ்ப்பாணத்தில் இருந்த காலமெல்லாம் இன்னொருவரின் வயலைத்தான் குத்தகைக்குச் செய்தார். தைப்பூசத்தன்று புதிர் எடுப்போம் அல்லவா, வயலில் முதல் கதிரை அறுத்து ஒரு கட்டாகக் கட்டுவது. சொந்த வயல் உள்ளவர்கள் அதைத் தங்கள் வீட்டு வாசல் நிலையில் கட்டித் தொங்கவிடுவார்கள். அப்பு அந்த முதற் கட்டைக் காணிக்காரர் வாசலுக்குக் கொண்டு போவார். காணிக்காரர் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி, முகத்தைக்கூடத் திருப்பாமல், "அங்கை வை" என்பார். அவ்வளவுதான். வா என்பதும் இல்லை, இரு என்பதும் இல்லை. அந்த "அங்கை வை"யை அப்பு சாகும்வரை மறக்கவில்லை. யாரையாவது ஏச வேண்டுமென்றால் அந்தக் குரலில் அதைச் சொல்லிக் காட்டுவார்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் வன்னியில் குளத்தைத் திருத்திக் குடியேறுகிறவர்களுக்குக் காணி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு கிழமைக்குள் பேர் பதிந்துவிட்டார். கனகராயன்குளத்தில் பஸ்ஸால் இறங்கி நாலு மைல் உள்ளே போக வேண்டும். மூன்று ஏக்கர் வயல், இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி. அம்மா மூன்றாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டா. நான் மாமா வீட்டில் நின்று படித்துக்கொண்டிருந்தேன். காட்டை வெட்டியதும் வரம்பு கட்டியதும் யானைக்குக் காவல் இருந்ததும் அப்புவும் தங்கச்சியும்தான். என் பங்குக்கு விடுமுறையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அங்கே முதல் தைப்பூசத்துக்குக் கதிர்க்கட்டைச் சமைக்கிற குசினி வாசலில் தூக்கிவிட்டு, அப்பு அதற்கு எதிரே நிலத்தில் சப்பணம் கட்டி இருந்து வெகு நேரம் பார்த்தார். "இனி என்ரை பிள்ளையள் ஒருத்தற்றை வாசலிலையும் கதிரோடை நிக்கத் தேவையில்லை" என்றார். அவர் கண்ணில் நீர் வந்து நான் பார்த்தது அம்மாவின் செத்தவீட்டிலும் அன்றைக்கும்தான்.

இந்த மனிதர் தங்கச்சிக்குக் கலியாணம் பேசியபோது ஒரு பிழை விட்டார். எங்கள் சனம் மட்டுமே விடக்கூடிய பிழை. எங்களுக்குக் காணி உறுதிப் பத்திரம் என்றால் தெய்வம். முத்திரை குத்தி, நொத்தாரிசு எழுதி, சாட்சி இரண்டு பேர் கையெழுத்து வைத்துவிட்டால் அதற்குமேல் வானமும் இல்லை பூமியும் இல்லை. அப்புவின் பெயரில் ஆயுளில் ஒரு உறுதி இருந்ததில்லை. மாப்பிள்ளை பக்கத்துக் குடியேற்றத்துப் பெடியன், சீதனம் என்று பெரிதாகக் கேட்கவும் இல்லை. அப்புதான் ரோசத்தில் யாழ்ப்பாணம் போய், அரசாங்கம் பெர்மிற்றில், அனுமதிப் பத்திரத்தில், கொடுத்த தன் காணியைச் சீதன உறுதியாக எழுதுவித்தார். நொத்தாரிசு நல்ல மனிதர். "அரசாங்கக் காணி, இது நிக்காது" என்று சொல்லியிருக்கிறார். "காடு வெட்டினது அரசாங்கமோ நானோ?" என்று அப்பு சண்டைக்குப் போக, மனிதர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

இரண்டு வருஷம் அந்த உறுதி தங்கச்சியின் றங்குப்பெட்டியில் கூறைச்சேலையோடு கிடந்தது. பிறகு வாய்க்கால் தண்ணீர்ப் பங்கைத் தன் பெயருக்கு மாற்றலாம் என்று தங்கச்சியைக் கட்டிய மச்சான் அதைக் குடியேற்ற அதிகாரியிடம் கொண்டுபோனார். அதிகாரி வாசித்துப் பார்த்துவிட்டு, "இதிலை வடை கட்டலாம்" என்றாராம். பெர்மிற் காணியை எழுதிக் கொடுக்கவும் ஏலாது, பிரிக்கவும் ஏலாது. தனக்குப் பிறகு ஒரேயொரு ஆள் என்று பெயர் சொல்லலாம். அந்தப் பெயரை ஒரு பத்திரத்தில் எழுதி, உரிய ஆளுக்கு முன்னால் கையெழுத்து வைத்து, காணிக்காரன் உயிரோடு இருக்கும்போதே வவுனியாக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் கந்தோரில், பதிந்திருக்க வேண்டும். பதியாமல் செத்தால் காணி மூத்த மகனுக்குப் போகும்.

மூத்த மகன் நான்.

மச்சான் இதை என்னிடம் வந்து சொன்னபோது நான் அந்த அதிகாரியைவிடப் பெரிய சட்டம் பேசினேன். "இது என்ன பெரிய விஷயம்? கச்சேரி நான் இருக்கிற ஊரிலைதானே. பத்திரத்தை எடுத்து வாறன், அப்பு கையெழுத்து வைக்கட்டும்" என்றேன். அடுத்த கிழமையே எடுத்தும் வந்தேன். இது உண்மை. அந்த நேரம் என் மனதில் கள்ளம் இல்லை. அப்பு பத்திரத்தை வாங்கி, மடித்து, முகட்டுத் தடியில் செருகி வைத்தார்.

"விதைப்பு முடியட்டும் மோனை."

விதைப்பு முடிந்தது. "களையெடுப்பு முடியட்டும்" என்றார். பிறகு அறுவடை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். எங்கள் வீட்டில் கஞ்சி ஆறிக்கொண்டே கிடந்தது. பத்திரத்தில் கையெழுத்து வைத்தால் சாவுக்கு நாள் குறித்த மாதிரி என்று பயப்படுகிறார் என நினைத்தேன். வயது போன மனிதரிடம் "அப்பு, நீங்கள் செத்தால்" என்று தொடங்கும் கதையை எந்த மகன் இரண்டாம் முறை எடுப்பான்? எனக்கு அது வசதியான கூச்சமாகவும் இருந்தது.

ஏனென்றால் அந்த நாட்களில் எனக்கும் ஒரு இடத்தில் சம்பந்தம் பேசினார்கள். தரகர் பெண்வீட்டில் என்னைப் பற்றி விரித்துச் சொல்லும்போது, "வன்னியிலை தண்ணீர்க் காணி, தகப்பனுக்குப் பிறகு மூத்தவருக்குத்தான்" என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். இல்லை என்று சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை. முன்னால் வைத்த பலகாரத்தில் ஒரு பயித்தம் பணியாரத்தை எடுத்து வாயில் போட்டேன். வாய் நிறைந்திருந்தால் பேசத் தேவையில்லைத்தானே.

காலின் கதைக்கு வருகிறேன். மாசியில், அறுவடையின்போது, அப்புவின் வலது காலில் முள் ஏறியிருக்கிறது. அது எங்களுக்குத் தெரியாது. அவருக்கே இரண்டு மூன்று நாள் தெரியவில்லையாம், கால் அவ்வளவு விறைத்துப் போயிருந்திருக்கிறது. பிறகு புண் வந்தது. புண் ஆறவில்லை. சித்திரையில் நான் போனபோது மனிதர் வீட்டுக்குள்ளேயும் சாரத்தைக் கணுக்கால் வரைக்கும் இறக்கிக் கட்டியிருந்தார். யாராவது வந்தால் காலை மடித்து அதற்குள் ஒளித்தார். தங்கச்சி பட்டப்பகலில் சாம்பிராணி போட்டாள். "என்னடி, கோயிலோ இது?" என்று கேட்டேன். "நுளம்பு கடிக்குது அண்ணை" என்றாள்.

வைகாசியில் சாம்பிராணிக்கு மிஞ்சி மணந்தது. சாரத்தை உயர்த்துங்கோ என்று நான் சத்தம் போட்டேன். அப்பு மாட்டேன் என்றார். நான் குனிந்து பிடித்து இழுத்தேன். பெருவிரலும் அடுத்ததும் கறுத்துப் போயிருந்தன. பச்சிலை அரைத்துக் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே தோல் சேற்று நிறத்தில் பளபளத்தது. நான் மூக்கைப் பொத்தினேன். பொத்தியதற்கு வெட்கமாகவும், வெட்கத்துக்குக் கோபமாகவும் இருந்தது. தங்கச்சி மேல் பாய்ந்தேன்.

"உனக்குக் கண்ணில்லையே? இதை மூடி வைச்சிருக்கிறியே!"

"அப்புதான் சொல்ல வேண்டாம் எண்டவர்."

"ஏன்?"

அவள் அப்புவைப் பார்த்தாள். அப்பு நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"நொண்டியைக் கண்டால் பெர்மிற்றைப் பறிச்சுப் போடுவாங்கள் தம்பி. தானே செய்து பயிர் வைக்க வேணும் எண்டு அதிலை எழுதிக் கிடக்கு. வாய்க்காலுக்கு அங்காலை அந்தக் குடும்பத்தைக் கிளப்பினவங்கள்தானே."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக் குடும்பத்தின் பெர்மிற்றை வெட்டியது மெய்தான். ஆனால் அந்த மனிதர் வயலைக் கள்ளக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஊரோடு போயிருந்தவர். அப்பு அதிலிருந்து எடுத்த பாடம் வேறு. தானே செய்யாதவனைக் கிளப்புவார்கள், காலில்லாதவன் தானே செய்ய ஏலாது, ஆகவே காலில்லாதவனைக் கிளப்புவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுப்பார்கள், காலை எடுத்தால் காணியை எடுப்பார்கள். கச்சேரிக்குப் போய்க் கையெழுத்து வைக்கலாம் என்றால் நொண்டிக்கொண்டு அதிகாரிக்கு முன்னால் போக வேண்டும். விதைப்புக்கும் களையெடுப்புக்கும் தள்ளிப் போட்டது சாவுக்குப் பயந்து என்றுகூட வைத்துக்கொள்ளலாம். மாசிக்குப் பிறகு தள்ளிப் போட்டது இந்தக் காலுக்காக. புண் ஆறட்டும், நேராக நடந்து போய் வைக்கிறேன் என்று இருந்திருக்கிறார்.

நான் அன்றைக்கே செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். கச்சேரியில் காணிப் பகுதிக் கிளாக்கர் எனக்குப் பழக்கமானவர். மத்தியானம் ஒரே கடையில் சாப்பிடுகிறவர்கள் நாங்கள். "காலில்லாதவனின் பெர்மிற்றை வெட்டுவீர்களோ?" என்று சோற்றைப் பிசைந்தபடி கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் அப்புவின் கால் பற்றித் தெரிந்துவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். படித்தவன், பட்டிக்காட்டு மனிதரின் பயத்தை அப்படியே வாங்கி என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது அப்போது குறுகுறுக்கக்கூட இல்லை.

ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை காணி அதிகாரி எங்கள் குடியேற்றத்துக்கு வந்து கூட்டுறவுச் சங்கக்கடை விறாந்தையில் இருக்கப்போகிறார், பெயர் பதிகிறவர்கள் வந்து அவருக்கு முன்னால் கையெழுத்து வைக்கலாம், அவரே அன்றைக்கே கொண்டுபோய்ப் பதிவார் என்று அறிவித்தல் வந்தது. மச்சான் எனக்குத் தகவல் அனுப்பினார். வியாழன் பின்னேரம் போய்ச் சேர்ந்தேன். அப்புவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. புறங்கால் வரை கறுப்பு ஏறிவிட்டது.

ஆனால் மனிதர் ஆயத்தமாக இருந்தார். வெள்ளி விடிய முகம் வழித்து, வெள்ளை வேட்டி கட்டி, முகட்டிலிருந்து பத்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என் சப்பாத்தைக் கேட்டார்.

"சப்பாத்துப் போட்டால் ஒருத்தருக்கும் தெரியாது."

வீங்கிய கால் சப்பாத்துக்குள் போகுமா? அவர் பல்லைக் கடித்துத் தள்ளினார். என்னால் பார்க்க முடியவில்லை. சப்பாத்தைப் பறித்து எறிந்தேன். "உயிர் பெரிதோ காணி பெரிதோ? இப்பவே வவுனியா ஆஸ்பத்திரிக்கு" என்று கத்தினேன். மச்சான் வண்டியில் மாட்டைப் பூட்டினார். தங்கச்சி வைக்கோல் பரப்பி, சாக்கு விரித்து, அப்புவை ஏற்றி, அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நாற்றம் அவளுக்கு நாற்றமாகவே இல்லை.

பஸ் றோட்டுக்குப் போகும் வழியில்தான் சங்கக்கடை. தூரத்தில் வரும்போதே விறாந்தையில் மேசை போட்டு அதிகாரி இருப்பது தெரிந்தது. ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அப்பு மெல்ல நிமிர்ந்து இருந்தார். வெறும் சாக்கொன்றை இழுத்துக் காலை மூடினார். மடியிலிருந்து பத்திரத்தை எடுத்துக் கையில் பிடித்தார். காய்ச்சல் என்று சொல்லி வண்டியில் இருந்தபடியே கையெழுத்து வைக்கலாம் என்று அவர் வீட்டிலேயே யோசித்து வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

"அண்ணை, ஒரு நிமிஷம் வண்டியை நிப்பாட்டுவமே? அதிகாரி இஞ்சை வந்து வாங்குவார், நான் போய்க் கும்பிட்டுக் கேக்கிறன்" என்றாள் தங்கச்சி.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்தே முக்கால். பஸ் பன்னிரண்டுக்கு. இன்னும் மூன்று மைல் இருந்தது, வண்டிப் பாதையும் கிடங்கும் பள்ளமும்.

"பஸ் போயிடும். அங்கை ஏழெட்டுப் பேர் நிக்கினம், ஒரு நிமிஷத்திலை முடியிற வேலையே? ஆளைக் காப்பாத்தினால் பத்திரத்தை நாளைக்கும் பதியலாம். ஓட்டுங்கோ மச்சான்."

மச்சான் திரும்பி என்னைப் பார்த்தார், பிறகு அப்புவைப் பார்த்தார். அப்பு என்னைப் பார்த்தார். அவர் சொல்லியிருந்தால் வண்டி நின்றிருக்கும். ஆனால் மூத்த மகன், கந்தோர் ஆள், காற்சட்டை போட்டவன். நான் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று அந்த மூன்று பேரும் நம்பினார்கள். மச்சான் மாட்டை அதட்டினார். அப்பு பத்திரத்தைத் திரும்ப மடியில் வைத்தார்.

நான் செய்தது சரி என்று யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். எத்தனையோ பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன், எல்லோரும் சரி என்றுதான் சொன்னார்கள். வண்டியை ஓட்டச் சொன்ன அந்த நேரம் உன் மனதில் காணி இருந்ததா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இருந்தது. முழுக்க இல்லை; ஒரு மூலையில், கூப்பிட்டால் வரக்கூடிய தூரத்தில் இருந்தது. தகப்பனின் உயிரும் இருந்தது. இரண்டில் எது என் வாயைத் திறந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பஸ் அன்றைக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தது. றோட்டோரத்துப் பாலை மரத்தின் கீழ் நாலு பேரும் இருந்தோம். நான் ஒவ்வொரு ஐந்து நிமிஷமும் மணிக்கூட்டைப் பார்த்தேன். தங்கச்சி ஒருமுறைகூட என்னைப் பார்க்கவில்லை. அப்புவின் முகத்தில் வெயில் படாமல் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் காலைப் பார்த்தார், சலத்தைச் சோதித்தார். "முழங்காலுக்குக் கீழை எடுக்க வேணும். ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் விரலோடை போயிருக்கும்" என்றார். நாளைக்கே எடுக்கலாம் என்றார். அப்பு மறுத்துவிட்டார். கையெழுத்து வைத்த பிறகுதான் காலைத் தொட விடுவாராம்.

"அப்பு, கையெழுத்து கையாலைதானே வைக்கிறது?" என்று கேட்டேன்.

"ரெண்டு காலும் உள்ள மனுசனா வைக்கிறன் தம்பி. பிறகு ஒருத்தரும் ஒண்டும் சொல்லக்கூடாது."

சனிக்கிழமை முழுக்க, கையெழுத்துக்கு அத்தாட்சி வைக்கக்கூடிய ஒரு சமாதான நீதவானைத் தேடி சைக்கிளில் அலைந்தேன். அலைந்தேன் என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். எனக்காகச் சொல்ல என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். பின்னேரம் ஒருவர் வந்தார். தங்கச்சி அப்புவை முதுகில் தாங்கி நிமிர்த்தினாள். அவர் எழுத்துக் கூட்டித் தன் முழுப் பெயரையும் எழுதினார். பின்னுரிமை என்ற இடத்தில் தங்கச்சியின் பெயர். எழுதி முடித்து, மை காயும்வரை ஊதினார். "இனி வெட்டச் சொல்லு" என்றார்.

ஞாயிறு காலை வெட்டுவதாக இருந்தது. ஞாயிறு விடியும்போது விஷம் ஏறி அப்பு போய்விட்டார், இரண்டு காலோடும்.

பிரேதத்தை ஊருக்குக் கொண்டுபோய்த் திங்கள் எரித்தோம். செவ்வாய் காலை அந்தப் பத்திரத்தோடு கச்சேரிக்குப் போனேன். என்னோடு சோறு சாப்பிடுகிற கிளாக்கர்தான் வாங்கினார். கையெழுத்தைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார், சாட்சியைப் பார்த்தார். எல்லாம் சரி என்றார். முத்திரையை எடுத்தபடி, "ஆள் இப்ப எப்பிடி?" என்று கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை செத்துப் போனார்" என்றேன்.

அவர் முத்திரையைக் கீழே வைத்தார். என் ஆயுளில் நான் பேசிய உண்மைகளுக்குள் எனக்கு லாபம் தந்த உண்மை அது ஒன்றுதான்.

"அப்ப இது பதியேலாது, உமக்குத் தெரியும்தானே. காணி உம்மடை பேருக்கு வரும். உமக்கு வேண்டாம் எண்டால் ஆறு மாதத்துக்குள்ளை எழுதித் தாரும், அடுத்ததாத் தங்கச்சிக்குப் போகும்" என்று சொல்லி ஒரு வெறும் பத்திரத்தையும் தந்தார். பிறகுதான் நான் கேட்டேன், காலில்லாதவனின் பெர்மிற்றை வெட்டுவீர்களோ என்று. அவர் சிரித்துவிட்டார். "ஆர் சொன்னது? வீட்டிலை பிள்ளையள் நிண்டு செய்தால் போதாதோ?"

அவர் சிரித்ததை நான் தங்கச்சியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

வேண்டாம் என்று எழுத ஆறு மாதம் இருந்தது. ஒரு பேனையும் ஒரு நிமிஷமும் போதும். அந்தப் பத்திரத்தை அலுமாரியில் சட்டைகளுக்குக் கீழே வைத்தேன். காடாத்து, அந்தியேட்டிச் சடங்குகள் முடியட்டும் என்றேன். பெண்வீட்டுக் கதை ஒரு முடிவுக்கு வரட்டும் என்றேன். அப்புவைப் போலவே நானும் தள்ளிப் போட்டேன்; அவர் மகளுக்குக் கொடுப்பதற்காகத் தள்ளினார், அவ்வளவுதான் வித்தியாசம். புரட்டாதியில் ஒருநாள் மச்சான் முப்பது மைல் சைக்கிள் மிதித்து என் அறைக்கு வந்தார். கதிரை நுனியில் இருந்தார். மழை பிந்துகிறது என்றார். குளத்தில் தண்ணீர் மட்டம் எவ்வளவு என்று சொன்னார். தேத்தண்ணி குடித்தார். "அப்ப வாறன்" என்று எழும்பிப் போனார். எதைக் கேட்க வந்தார் என்று எனக்குத் தெரியும். கேட்கவிடாமல் நான் மழையைப் பற்றியே திருப்பித் திருப்பிக் கதைத்தேன்.

மார்கழியில் காணி என் பெயருக்கு வந்தது. போய்த் தங்கச்சியிடம் சொன்னேன். "பேர்தான் என்ரை. காணி உன்ரை. எனக்குப் பிறகு உன்ரை பேரைத்தான் எழுதுவன்."

அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஓம் அண்ணை. ஆறுதலா எழுதுங்கோ" என்றாள். சுளகு நிற்கவே இல்லை.

அந்த வருஷம் இழவு வீடு என்று புதிர் எடுக்கவில்லை. ஆண்டுத்திவசம் முடிந்து ஆவணியில் எனக்குக் கலியாணம் நடந்தது. சீதனத்தோடு வீட்டுத் தளபாடமும் வந்தது. அதில் ஒரு சாய்மனைக் கதிரை. அடுத்த தைப்பூசத்துக்கு மாமனார் எங்களைப் பார்க்க வவுனியா வந்திருந்தார். நான் சாய்மனையில் இருந்தேன், அவர் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு இருந்தார். படலை திறந்த சத்தம் கேட்டது.

தங்கச்சி. முதல் பஸ்ஸுக்கு விடிய முந்தி நாலு மைல் நடந்திருப்பாள். சேலைக் கரையில் சேறு. கையில், வாழைநாரால் இறுக்கிக் கட்டி, மஞ்சள் துணி சுற்றிய ஒரு கதிர்க்கட்டு. வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

நான் முதலில் சந்தோஷப்பட்டேன், அதையும் சொல்லிவிட வேண்டும். தங்கச்சி வந்துவிட்டாள் என்று. "ஏன் அதிலை நிக்கிறாய்?" என்று கேட்டேன்.

"வயலிலை முதல் கதிர் அண்ணை. காணிக்காரர் வீட்டுக்குக் குடுத்திட்டுத்தானே மற்றதை அறுக்கிறது."

அவள் குத்திக் காட்டவில்லை. குரலில் ஒரு சுழிப்பும் இல்லை. முறை எதுவோ அதைச் செய்ய வந்திருந்தாள், அவ்வளவுதான். மாமனார் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கட்டைப் பார்த்தார். "எங்கடை வன்னிக் காணிக் கதிரோ? நல்ல மணி" என்றார், வாயெல்லாம் சிவப்பாக.

எழும்பிப் போய் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்திருக்க வேண்டும். எழும்பத்தான் நினைத்தேன். அதை அதில் வைத்துவிட்டு உள்ளே வா, தேத்தண்ணி குடி, விடியப் புறப்பட்டிருப்பாய், என்ன சாப்பிட்டாய் என்று இவ்வளவும் சொல்ல வாயெடுத்தேன். மாமனார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாய்மனையில் கிடந்தபடி எனக்கு வாயில் வந்தது இரண்டே சொல்.

"அங்கை வை."

அவள் குனிந்து வைத்தாள்.